இணையத்தில் ஒரு சொந்த மனை

அச்சுப்பொறி நம் நாட்டில் பரவுவதற்கு முன்னர், ஒரு நூலைப் படிக்க விரும்பியவர் அதனைத் தம் கையாலேயே ஏட்டில் எழுதிக்கொண்டார். அல்லது எழுத வல்லாரைக் கொண்டு எழுதுவித்துக்கொண்டார். எழுதி முடித்த சுவடி அவர் வீட்டிலேயே தங்கியது. பழைய ஏடு செல்லரித்தபோது புதிய ஏட்டில் படி எடுத்து வைக்கும் கடமையும் அவருடையதாகவே இருந்தது. படிப்பவரே காப்பவராகவும் இருந்த காலம் அது. ஒரு வீட்டில் நெருப்புப் பற்றினாலும் வேறொரு வீட்டில் அந்நூல் பிழைத்திருக்கும். பழந்தமிழ் நூல்கள் பல நம் கைக்கு வந்து சேர்ந்தது இவ்வகையால்தான்.

இன்றைய மாணவர்கள் தங்கள் எழுத்தையும் படங்களையும் இணையத்தில் இடுகின்றனர். இட்ட மறுகணமே உலகெங்கும் அவற்றைக் காணலாம். மிக்க மகிழ்ச்சிதான். ஆயினும், அந்த எழுத்து இப்போது எங்கே இருக்கிறது? யாருடைய வீட்டில் இருக்கிறது? அந்த வீட்டுக்காரர் நாளைக்குக் கதவைச் சாத்திவிட்டால் அது என்ன ஆகும்? இவ்வினாக்களுக்கு விடை, இணையதளங்களின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு உட்பட்ட குறுகிய வரலாறு அது. தம் தளத்தைத் தம் கணினியிலேயே வைத்து, தாமே நடத்திய ஆர்வலர்கள் அவ்வரலாற்றில் பெரும்பங்கு கொண்டனர். அவர்களுடைய கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். இணையதளம் என்பது வானத்தில் மிதக்கும் பொருளன்று. அது ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், ஒரு கணினியின் நினைவகத்தில் இருக்கிறது. அந்தக் கணினி இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும். எங்கிருந்தோ ஒருவர், "இந்தப் பக்கத்தைத் தருக" என்று கேட்டால், உடனே எடுத்து வழங்க வேண்டும். வழங்குவதனால் அதற்கு வழங்கி என்று பெயர். சர்வர் என்றும் கூறுவர். அதற்கு எண்களால் ஆகிய முகவரி ஒன்று உண்டு. எண்களை நினைவில் வைப்பது கடினம் ஆதலால், சொற்களால் ஆகிய பெயரையும் அதற்கு இடுகின்றனர். பெயரைச் சொன்னால் எண்ணைக் காட்டும் ஏற்பாட்டைப் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1983-இல் வகுத்தார். கணினி, எண், பெயர் ஆகிய இவற்றை உடையவர் எவரும் இணையத்தில் ஒரு மனைக்கு உரியவர் ஆகலாம். இதற்குப் பெரிய நிறுவனமாக இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

இணையம் மக்கள் கைக்கு வருமுன்னரே இந்த ஆசை தோன்றிவிட்டது. 1978-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கடும் பனிப்புயல் வீசியது. வெளியே செல்ல இயலாது வீட்டில் முடங்கியிருந்த வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் நண்பர் இருவர், அக்காலத்தைப் பயன்படுத்தி ஒரு கருவியை உருவாக்கத் தொடங்கினர். ஒருவர் மென்பொருளை எழுதினார்; மற்றவர் கணினியைப் பூட்டி அமைத்தார். மன்றங்களின் சுவரில் அறிவிப்புப் பலகை தொங்குவதை நாம் காண்கிறோம் அல்லவா? அதைப் போன்றதொரு பலகையைக் கணினிக்குள் அமைத்தனர். தொலைபேசி வழியாக எவரும் அதனை அழைக்கலாம்; முன்னையோர் எழுதியதைப் படிக்கலாம்; தம் செய்தியையும் எழுதி வைக்கலாம். அந்த ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தொலைபேசிக் கம்பி ஒன்றே இருந்தமையால், ஒரு நேரத்தில் ஒருவர்தாம் உள்ளே நுழைய முடியும். அடுத்தவர் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

இக்குறை இருந்தும் அந்த எண்ணம் பரவியது. பல ஊர்களில் ஆர்வலர்கள் தத்தம் வீட்டு மேசையிலே இத்தகைய பலகைகளை நடத்தினர். 1984-இல் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் இப்பலகைகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கு ஒரு வழி கண்டார். நள்ளிரவுக்குப் பின் தொலைபேசிக் கட்டணம் குறைவு. அந்நேரத்தில் ஒரு வீட்டுக் கணினி மற்றொரு வீட்டுக் கணினியை அழைத்துச் சேர்ந்திருந்த கடிதங்களைக் கொடுத்து வாங்கும். பழைய நாளில் அஞ்சலோட்டக்காரர் ஒரு சாவடியிலிருந்து மறு சாவடிக்குத் தபாற்பையைச் சுமந்து சென்றது போன்ற ஏற்பாடு இது. ஃபைடோநெட் என்பது அதன் பெயர். அதனை நடத்தியவர்கள் தங்கள் கைப்பணத்தையும் உறக்கத்தையும் செலவிட்டு, அயலாருக்கு இடம் கொடுத்தனர்.

இனி ஐரோப்பாவிற்குச் செல்வோம். சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய இரு நாடுகளின் எல்லையில், ஜெனீவா நகருக்கு அருகே செர்ன் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. பல நாடுகளிலிருந்து அறிஞர்கள் அங்கே வருவார்கள். சில ஆண்டுகள் பணிபுரிவார்கள். பின்னர்த் தம் நாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் எழுதி வைத்த குறிப்புகளோ வெவ்வேறு வகைக் கணினிகளில் சிதறிக் கிடந்தன. ஒன்றில் உள்ளதை மற்றொன்றில் படிக்க இயலாது. அறிந்தவர் ஊர் திரும்பியதும் அறிவும் மறைந்துவிடும் நிலை. இக்குறையைப் போக்க, டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய இளைஞர் 1989-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு திட்டத்தை எழுதி மேலதிகாரியிடம் அளித்தார். திட்டம் தெளிவாக இல்லை என்று கருதிய அவ்வதிகாரி, அதில் கிளர்ச்சியூட்டும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதையும் உணர்ந்தார். அதனைத் தள்ளிவிடாமல் இடம் கொடுத்தார். 1990-ஆம் ஆண்டு முடிவதற்குள் உலகின் முதல் இணையதளம் நெக்ஸ்ட் என்னும் வகைக் கணினி ஒன்றில் இயங்கலாயிற்று.

அந்தக் கணினி இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. "இது வழங்கி, இதன் மின்சாரத்தை நிறுத்தாதீர்" என்னும் பொருள்படச் சிவப்பு மையால் கையெழுத்தில் எழுதிய சீட்டு அது. இரவில் எவரேனும் அறியாமல் அதன் மின்விசையை நிறுத்தியிருந்தால், அன்று உலகிலிருந்த ஒரே இணையதளம் மறைந்துபோயிருக்கும்! பெரியதொரு வலையின் தொடக்கம் ஒரு மனிதரின் மேசையும், ஒரு துண்டுக் காகிதமுமாகவே இருந்தது.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெர்னர்ஸ்-லீ முதலில் இயற்றிய மென்பொருளில், பக்கத்தைப் படிக்கவும் முடியும்; பக்கத்தை எழுதவும் முடியும். படிப்பவரே எழுதுபவராகவும் இருப்பார் என்பதே அவர் கருத்து. ஆனால் அம்மென்பொருள் நெக்ஸ்ட் கணினியில் மட்டுமே இயங்கியது. ஏனைய கணினிகளுக்காக நிக்கோலா பெல்லோ என்னும் கணித மாணவி எளியதொரு உலாவியை இயற்றினார். அது எல்லாக் கணினிகளிலும் இயங்கியது. எனினும் அதனால் படிக்க மட்டுமே முடியும். 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்னும் அழகிய உலாவி பிறந்தது. படங்களும் எழுத்தும் ஒருங்கே தோன்றிய அந்த உலாவியால் இணையம் மக்களிடையே பெரும்புகழ் பெற்றது. அதுவும் காண்பதற்கே உரியது. இவ்வாறு, எவரும் திட்டமிடாமலே, எழுதுவோர் வேறு, படிப்போர் வேறு என்னும் பிரிவு இணையத்தில் புகுந்தது.

அதே 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், செர்ன் நிறுவனம் அரியதொரு முடிவை வெளியிட்டது. தன் இணைய மென்பொருளைப் பொதுவுடைமை ஆக்கியது. எவரும் கேளாமலே எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை, திருத்தவும் தடையில்லை. அப்போது கோஃபர் என்னும் மற்றொரு முறையும் இணையத்தைப் போலவே பரவி வந்தது. அதனை உருவாக்கிய மினசோட்டாப் பல்கலைக்கழகம், அவ்வாண்டின் தொடக்கத்தில், சிலரிடம் உரிமக் கட்டணம் பெறப்போவதாக அறிவித்தது. ஆர்வலர்கள் அஞ்சினர். கட்டணமில்லாத வலையின் பக்கம் அவர்கள் திரும்பினர். கோஃபர் சில ஆண்டுகளில் மங்கியது, வலை தழைத்தது. தண்ணீர்ப்பந்தல் வைத்தவர் அருகே இருக்கும்போது, தண்ணீரை விலைக்கு வாங்க யார் வருவார்?

கட்டணமின்மை மட்டும் போதாது. கருவிகளும் வேண்டும் அன்றோ? அவற்றை ஆர்வலர்களே செய்துகொண்டனர். 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர் லினக்ஸ் என்பதன் முதல் வடிவை வெளியிட்டார். கணினியின் எல்லா உறுப்புகளையும் ஆளுகின்ற அடிப்படை மென்பொருள் அது. பெருங்கணினிகளில் மட்டுமே இயன்ற வேலையை வீட்டுக் கணினியிலும் செய்ய அது வழி திறந்தது. பக்கங்களை எடுத்து வழங்கும் மென்பொருளின் கதை இதைவிடச் சுவையானது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராப் மெக்கூல் என்பவர் இயற்றிய மென்பொருளே அக்காலத்தில் பெரிதும் வழக்கில் இருந்தது. 1994-இன் நடுவில் அவர் அங்கிருந்து விலகினார். மென்பொருள் கேட்பாரற்றுக் கிடந்தது. அதனைப் பயன்படுத்தியவர்கள் ஆங்காங்கே தாம் கண்ட பழுதுகளைத் தாமே சீர்செய்துகொண்டனர். 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர்களுள் எண்மர் மின்னஞ்சல் வழியே ஒன்றுகூடித் திருத்தங்களைத் தொகுத்தனர். அப்பாச்சி என்ற பெயரில் அது வெளிவந்தது. 1996-ஆம் ஆண்டு ஏப்ரலுக்குள் உலகின் இணையதளங்களில் மிகுதியாக வழங்கிய மென்பொருள் அதுவே ஆயிற்று. சம்பளம் கொடுத்து எவரும் ஏவாத வேலை இது. தம் வீட்டுக் கூரையை வேய்ந்துகொண்டவர்கள் ஊருக்கே கூரை வேய்ந்த செய்தி இது.

தமிழும் இவ்வரலாற்றில் தொடக்க நாளிலேயே இடம்பெற்றது. சிங்கப்பூரில் தமிழாசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி அவர்கள், தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றுவதில் முனைந்து உழைத்தார். 1995-ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் கொண்ட இணையதளம் ஒன்றை அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தொடங்கிவைத்தபோது, தமிழும் அதில் தன் எழுத்திலேயே காட்சியளித்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கப்பட்டது அதே ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளில்தான் என்பதை நினைத்தால், அம்முயற்சியின் முதன்மை விளங்கும்.

ஜெனீவா ஏரியின் கரையிலேயே, செர்ன் கூடத்துக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில், லோசான் என்னும் நகரம் இருக்கிறது. அங்கே வேதியியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர் கு. கல்யாணசுந்தரம். மயிலை என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கியவர் இவரே. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் இவர் மதுரைத் திட்டம் என்பதைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள், ஊதியம் பெறாமல், பழந்தமிழ் நூல்களைத் தம் கையால் தட்டச்சிட்டு அனுப்பினர். வேறு சிலர் பிழை திருத்தினர். திருக்குறள் முதலாகப் பல நூறு நூல்கள் இவ்வாறு இணையம் ஏறின. அக்காலத்தில் தமிழ் எழுத்துக்கு ஒரே குறியீட்டு முறை இல்லை. ஒரு முறையில் எழுதியது மற்றொரு கணினியில் பொருளற்ற கிறுக்கலாகத் தெரியும். பின்னர் ஒருங்குறி என்னும் பொதுமுறை நிலைபெற்றபோது, மதுரைத் திட்டத்தார் தம் நூல்களை அதற்கேற்ப மாற்றினர். செல்லரித்த ஏட்டைப் புதிய ஏட்டில் படி எடுத்த பழைய தொண்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பேணுவாரின்றி விடப்பட்ட தளங்களில் இருந்த தமிழோ, அழியாமல் இருந்தும் படிக்க இயலாததாயிற்று. எழுத்தை வைத்திருந்தால் மட்டும் போதாது, அதனைக் காலத்துக்கேற்பப் பேணவும் ஆள் வேண்டும் என்பதற்கு இது சான்று.

ஆனால் எல்லாரும் கணினியைப் பூட்டவும், மென்பொருளை நிறுவவும் வல்லவர் அல்லர். அவர்களுக்கு எளிய வழி காட்டும் நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் புகழ்பெற்றது ஜியோசிட்டீஸ். 1994-இல் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் ஆகிய இருவர் அமெரிக்காவில் தொடங்கியது அது. ஒரு நகரத்தை வீதி வீதியாகப் பிரிப்பதுபோல் தளத்தைப் பிரித்தனர். திரைப்படத்தை விரும்புவோர் ஹாலிவுட் என்னும் பேட்டையில் குடியேறலாம். இலக்கியமும் தத்துவமும் பேசுவோர்க்கு ஆதென்ஸ். கணினி ஆர்வலர்க்குச் சிலிக்கான் வேலி. ஒவ்வொருவருக்கும் ஒரு மனை எண் உண்டு; வாடகை இல்லை. மாணவர்களும் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஆர்வத்தோடு குடியேறினர். தமிழ்ப் பக்கங்களும் அங்கே இருந்தன. 1999-இல் யாகூ நிறுவனம் ஏறத்தாழ 357 கோடி டாலர் பெறுமதியுள்ள பங்குகளைக் கொடுத்து அந்நகரத்தை வாங்கியது.

வாங்கிய சில திங்களிலேயே ஒரு சிக்கல் எழுந்தது. குடியிருப்போர் எழுதியவற்றின்மேல் நிறுவனத்துக்கு மிகுந்த உரிமையைத் தரும் புதிய விதிகள் வெளியாயின. பலர் எதிர்த்துத் தம் பக்கங்களை மூடினர். நிறுவனம் அவ்விதிகளைத் திருத்திக்கொண்டது. இலவச மனையின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தனர். பத்து ஆண்டுகள் சென்றன. 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜியோசிட்டீஸ் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அக்டோபர் 26-ஆம் நாள் அது மூடப்பட்டது. கோடிக்கணக்கான பக்கங்கள் ஒருங்கே மறைந்தன. பூகம்பம் இல்லை, போர் இல்லை, ஓர் அலுவலக முடிவினாலேயே ஒரு நகரம் காலியாயிற்று.

அந்த ஆறு திங்களில் சில ஆர்வலர்கள் செய்த தொண்டை மறக்கலாகாது. ஜேசன் ஸ்காட் என்பவரைச் சார்ந்த ஆவணக் குழுவினர், தத்தம் வீட்டுக் கணினிகளில் அப்பக்கங்களை இரவும் பகலுமாக இறக்கிப் படி எடுத்தனர். 2010-இல் அத்தொகுப்பை எவரும் பெறும்வண்ணம் பொதுவில் வழங்கினர். புரூஸ்டர் கேல் என்பவர் 1996-இல் நிறுவிய இணைய ஆவணக் காப்பகமும் பல பக்கங்களைக் காத்தது. ஆயினும், எல்லாவற்றையும் காக்க முடியவில்லை. மடலேறி வந்த கவிதைகளும், குடும்ப வரலாறுகளும், ஊர்ப் புராணங்களும் எத்தனையோ மறைந்தன. தம் பக்கத்துக்கு ஒரு படியைத் தம் கணினியில் வைத்திருந்தவர்கள் மட்டும் கவலையின்றி வேறிடத்தில் குடியேறினர்.

அவ்வாறாயின், எல்லாரும் ஏன் தம் வீட்டிலேயே தளத்தை வைத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சோம்பல் மட்டும் காரணம் அன்று. இணையத்தின் அமைப்பிலேயே தடைகள் இருந்தன. முதலாவது, முகவரிப் பஞ்சம். இணையம் தோன்றியபோது வகுத்த எண்முறையில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே அமையும். அவற்றைப் பகிர்ந்தளிக்கும் தலைமை அமைப்பிடமிருந்த கையிருப்பு 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் தீர்ந்தது. ஆதலால் சேவை நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பொதுவாகக் கொடுக்கலாயின. விடுதி மாணவர் நூற்றுவருக்கும் ஒரே கதவு எண் இருப்பதைப் போன்றது இது. மாணவர் வெளியே கடிதம் எழுதலாம். ஆனால் வெளியாள் ஒருவர் வந்து குறிப்பிட்ட மாணவரின் அறைக்கதவைத் தட்ட முடியாது. இரண்டாவது தடை, கம்பியின் அகலம். வீடுகளுக்கு வந்த தொலைபேசிக் கம்பி இணைப்புகளில், உள்ளே வரும் பாதை அகலமாகவும் வெளியே செல்லும் பாதை குறுகலாகவும் அமைக்கப்பட்டிருந்தது. வீட்டில் இருப்பவர் பெறுபவரே அன்றி வழங்குபவர் அல்லர் என்னும் எண்ணம், கம்பியிலேயே பதிந்துவிட்டது.

இத்தடைகளை நானும் அறிவேன். என் புத்தக அலமாரியின் மேல் ஒரு சிறு கணினி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவினது. ராஸ்பெரி பை என்னும் வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்து மாணவர்கள் கணினிக் கலையைக் குறைந்த செலவில் பயில வேண்டும் என்று கருதி, 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் வெளியிடப்பட்ட வகை அது. என் ஊரைப் பற்றி நான் திரட்டிய குறிப்புகளும், பழைய நிழற்படங்களும் அதில் இருக்கின்றன. எவரும் வந்து காணலாம். ஐந்து வாட் மின்திறன் கொள்ளும் கணினி, ஒரு திங்கள் முழுதும் ஓய்வின்றி ஓடினாலும் 3.6 யூனிட் மின்சாரமே செலவாகும். பூசையறை விளக்குக்கு ஆகும் செலவுதான்.

அதனை நடத்தத் தொடங்கிய பிறகே பல உண்மைகளை நான் கற்றேன். அது வெளியுலகுக்குத் திறந்த சில நிமிடங்களுக்குள் எங்கெங்கிருந்தோ தானியங்கிக் கணினிகள் வந்து கதவை அசைத்துப் பார்க்கத் தொடங்கின. கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து, அவை ஓயாமல் முயல்வதை வருகைப் பதிவேட்டில் கண்டேன். ஊகிக்க இயலாத திறவுகோலும், காலந்தவறாத மென்பொருள் திருத்தமும் எத்துணை இன்றியமையாதவை என்பது அப்போது விளங்கிற்று. மின்தடை ஏற்படும் நாளில் தளமும் உறங்கிவிடும். அதற்கென ஒரு சிறு மின்கலம் வைத்தேன். ஒரு கோடையில் நினைவட்டை பழுதாயிற்று. நாள்தோறும் வேறு வட்டில் படி எடுத்து வைத்திருந்தமையால், அன்று மாலைக்குள் தளம் மீண்டும் எழுந்தது. இவையெல்லாம் பெரிய வித்தைகள் அல்ல. கிணறு வைத்திருப்பவர் கயிற்றையும் கப்பியையும் கவனிப்பதைப் போன்றவையே.

கடந்த சில ஆண்டுகளில் காலம் மீண்டும் ஆர்வலரின் பக்கம் சற்றே திரும்பியிருக்கிறது. தளத்துக்கும் படிப்பவருக்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் ஒட்டுக்கேளாமல் மறைத்து அனுப்புவதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். முன்னர் அதனை ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்குவது வழக்கம். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் பொதுநல அமைப்பு, 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் அதனை எவருக்கும் இலவசமாக அளித்து வருகிறது. முகவரிப் பஞ்சத்துக்கும் மருந்து உண்டு. புதிய எண்முறையில் அமையும் முகவரிகளின் தொகையை எழுதினால் 39 இலக்கங்கள் வரும். ஒவ்வொரு வீட்டுக்கும், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் கொடுத்தாலும் தீராது. இப்புதிய முறையை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. கண்ணாடியிழைக் கம்பிகள் வந்த வீடுகளில் வெளியே செல்லும் பாதையும் அகன்றிருக்கிறது. தடைகள் முற்றும் நீங்கவில்லை. ஆனால் நீங்கக்கூடியவை என்பது தெளிவாகிவிட்டது.

மாணவர்களே, சொந்த மனையில் இருப்பவை மட்டும் என்றும் அழியா என்று நான் கூறமாட்டேன். தளத்தின் பெயரைக் காலந்தோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். நடத்தியவர் நோயுற்றாலோ மறைந்தாலோ அது தவறிவிடும். வாடகை வீட்டில் வீட்டுக்காரரால் வரும் ஆபத்து, சொந்த வீட்டில் வாரிசின்மையால் வருகிறது. ஆகவே, மூலத்தை நம்மிடம் வைத்துக்கொள்வது ஒரு பாதி. பிறர் படி எடுக்கும்படி மனமுவந்து இடம் கொடுப்பது மறு பாதி. இவ்வுண்மையை உலகின் முதல் இணையதளத்தின் கதையே நமக்குக் காட்டுகிறது.

2013-ஆம் ஆண்டு, செர்ன் நிறுவனத்தார் தம் முதற்பக்கத்தை மீண்டும் பழைய முகவரியிலேயே நிறுவ முனைந்தனர். அப்போதுதான் ஒரு குறை தெரிந்தது. அந்தப் பக்கத்தைத் திருத்துந்தோறும் பழைய வடிவின்மேலேயே புதியதை எழுதிவந்தனர். ஆதலின் 1990-இல் இருந்த வடிவம் அவர்களிடமே இல்லை. 1992-ஆம் ஆண்டுப் படியே கிடைத்தது. இச்செய்தி பரவியதும், அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ஜோன்ஸ் தம்மிடம் அதனினும் பழைய படி ஒன்று இருப்பதாகக் கூறினார். 1991-இல் பெர்னர்ஸ்-லீ தம் நாட்டுக்கு வந்திருந்தபோது, அவரிடமிருந்து பெற்றுத் தம் கணினியில் வைத்துக்கொண்ட படி அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதனை அவர் காத்து வைத்திருந்தார். கண்டவர் கைவிட்ட ஏட்டை, அயலூரில் படி எடுத்து வைத்திருந்த ஒருவர் மீட்டுக் கொடுத்தார்.

நீங்கள் எழுதும் கட்டுரையும், உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றித் திரட்டும் குறிப்பும், பாட்டியிடம் கேட்டு எழுதும் தாலாட்டும் சிறியவை என்று எண்ண வேண்டா. பெரிய தளங்களில் அவற்றை வெளியிடுங்கள். அதனால் பலர் படிப்பார்கள். அதற்கு முன்னர் அவற்றின் மூலத்தை உங்கள் கணினியில் வையுங்கள். இயன்றவர்கள் ஒரு பெயரைப் பதிவுசெய்து, பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, ஒரே ஒரு பக்கத்தையேனும் தாமே நடத்திப் பார்க்க வேண்டும். பள்ளியில் ஆசிரியர் துணையோடு பத்து மாணவர்கள் கூடினால் இது ஒரு வார வேலை. அதன்பின் உங்கள் நண்பர் ஒருவரை அழைத்து, அவர் கணினியிலும் ஒரு படி வைக்கச் சொல்லுங்கள். அவருடையதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முன்னோர் ஏட்டுச்சுவடிக்குச் செய்ததும் இவ்வளவே.